அது புது எலி மேடம், வாரண்டியில் வராது

வீட்டில் சுண்டெலி நடமாட்டம் தெரிந்ததும் பதறிப்போய், தேடலில் முதலில் வரும் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களுக்கு போன் போடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். எங்களிடம் ஓராண்டு ஒப்பந்தம் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். எலி போகவில்லை. நாய் போகப் பார்த்தது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. எழுதினாலும் பெரிய பலன் இருக்காது. இதே வித்தையை வேறு வேறு பெயர்ப்பலகையின் கீழ் செய்கிறவர்கள் நிறையப் பேர். வித்தையைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உதவும்.

எங்கள் வீட்டில் தெரிந்த அடையாளங்கள் எல்லா வீட்டிலும் தெரிகிறவைதான். அடுப்பு மேடைக்குக் கீழுள்ள அலமாரியில் கறுப்பாக, அரிசி மணியைவிடச் சின்னதாக, முனை கூரான புழுக்கைகள். பொட்டலங்களின் மூலையில் கடித்த தடம். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் சிங்க்குக்குப் பின்னாலிருந்து சுரண்டும் சத்தம். புழுக்கையின் அளவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சுண்டெலியுடையது 3 முதல் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும், பெரிய எலியுடையது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். பெரிய எலி புதிதாக வைத்த எதையும் சில நாள் சந்தேகப்பட்டு ஒதுங்கிப் போகும். சுண்டெலிக்கு அந்தப் பயம் கிடையாது, நேராக வந்து முகர்ந்து பார்க்கும். பொறியை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது எல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் டேப்லெட், இன்னொருவர் தோளில் பை. தாளில் எடுத்து வைத்திருந்த புழுக்கையைக் காட்டினேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “எந்த எலியா இருந்தாலும் போயிடும் மேடம்” என்றார் டேப்லெட்காரர். இருவரிடமும் டார்ச் இல்லை. யாரும் குனியவில்லை. சிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறக்கவில்லை, ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொல்லவில்லை, குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடங்களைக் கேட்கவே இல்லை. ஹாலில் நின்றபடியே எத்தனை அறை, எத்தனை சதுர அடி என்று விசாரித்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார்கள். எலிக்கும் சதுர அடிக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “பேக்கேஜ் அப்படித்தான் சார்.”

சுண்டெலி உள்ளே வர 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது திறந்திருக்கிற வரை, உள்ளே இருப்பதைக் கொன்றாலும் அடுத்தது வரும். பிறந்து ஆறேழு வாரத்தில் ஒரு பெண் சுண்டெலி குட்டி போடத் தயாராகிவிடுகிறது, சினைக்காலம் மூன்று வாரம்தான், ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே ஓட்டையைத் தேடாமல் விலை சொல்கிறவர் எலியை ஒழிக்க வரவில்லை, மாதாமாதம் வந்துபோக ஏற்பாடு செய்துகொள்ள வருகிறார். அவர் பிழைப்புக்கு அந்த ஓட்டை வேண்டும்.

முதலில் தலையில் கட்டியது பிளக் பாயின்ட்டில் செருகும் அல்ட்ராசோனிக் கருவி. பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். நமக்குக் கேட்காத ஒலி எலிக்குக் கேட்கும், தாங்க முடியாமல் ஓடிவிடும் என்றார்கள். பாதி உண்மை. மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், சுண்டெலிக்கு அதற்கும் மேலே வெகுதூரம் கேட்கும், தங்களுக்குள் பேசிக்கொள்வதே பெரும்பாலும் அந்த ஒலியில்தான். ஆனால் அந்த மாதிரி ஒலி சுவரைத் தாண்டாது, அலமாரியைத் தாண்டாது, கொஞ்ச தூரத்திலேயே வலு இழந்துவிடும். எலி இருப்பதோ சுவருக்குள்ளும் அலமாரிக்குப் பின்னாலும். ஆரம்பத்தில் மிரண்டாலும் சில நாளில் பழகியும் விடுகிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-இலேயே இந்த மாதிரிக் கருவிகளைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் 60-க்கும் மேற்பட்டோருக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாமல் பலன் என்று விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அதே பச்சை விளக்கு விற்பனையாகிறது. எங்கள் வீட்டில் அந்தக் கருவிக்கு நேர் கீழே, பிளக் பாயின்ட்டை ஒட்டிய மேடையிலேயே புழுக்கை கிடந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்து ஒட்டும் அட்டை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வைத்துவிட்டு, “மாட்டினா கூப்பிடுங்க” என்றார்கள். மாட்டியது நடுராத்திரி. ஒட்டிய காலைப் பிடுங்கப் பார்த்து, முகமும் ஒட்டிக்கொண்டு, கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். கூப்பிட்டால் அலுவலக நேரத்தில்தான் ஆள் வருமாம். எலி மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் யாரும் இரண்டாவது அட்டை வைக்க மாட்டார்கள். உயிரோடு மாட்டிய எலி பயத்தில் சிறுநீர், புழுக்கை எல்லாம் அங்கேயே விடும், அதுவும் நாம்தான் துடைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2024 ஜூலை முடிவிலிருந்து பொதுமக்கள் இந்த அட்டையால் எலி பிடிப்பது சட்டப்படி குற்றம்.

இப்போது முக்கியமான விஷயம். மருந்து.

“ஹெர்பல் மேடம், குழந்தைகள், செல்லப்பிராணி இருக்கிற வீட்டுக்குன்னே செஞ்சது” என்று சொல்லித்தான் நீல நிறக் கட்டிகளை வைத்தார்கள். ரசீதிலும் ஹெர்பல் என்றே எழுதியிருந்தது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால், அடுப்பு மேடைக்குக் கீழே, மாடிப்படி மூலையில், எல்லாம் வெறும் தரையில். முறைப்படி செய்கிறவர்கள் இதைச் சாவி போட்டுப் பூட்டும் பெட்டிக்குள் வைப்பார்கள், எலி மட்டும் நுழைகிற அளவுக்குத்தான் அதில் வாசல் இருக்கும். எங்கள் வீட்டில் பெட்டி இல்லை. கேட்டதற்கு, ஹெர்பலுக்கு எதற்குப் பெட்டி என்றார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் நாயின் மீசை முடியில் நீலத் துகள் ஒட்டியிருந்தது. வாஷிங் மெஷின் பக்கம் போய்ப் பார்த்தால் கட்டி இருந்த இடத்தில் பொடிதான் இருந்தது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “மருந்தோட பேர் என்ன?” ஹெர்பல் என்றோம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எலி மருந்து என்று ஒரே மருந்து கிடையாது. ரத்தம் உறையாமல் செய்கிற வகை ஒன்று: வார்ஃபரின், புரோமாடியோலோன், புரோடிஃபாகம் போன்றவை. இவற்றுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது. துத்தநாகப் பாஸ்பைடு வேறு மாதிரி. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்து கிடையாது, வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு பக்கத்தில் இருப்பவர்களையும் தாக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலையே அழித்துவிடும், அதற்கும் மாற்று மருந்து இல்லை. எது என்று தெரியாமல் மருத்துவர் எதைக் கொடுப்பார்?

கால் சென்டரில் ஒரு பெண், “பயப்படாதீங்க மேடம், ஹெர்பல்தான்” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பாவம், அவருக்கு எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். பார்முலா கம்பெனி ரகசியம் என்றார் மேலாளர். கடைசியில் பை தூக்கி வந்த பையனின் நம்பர் எங்களிடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் மருந்து வந்த கவரைப் படம் எடுத்து அனுப்பினான். புரோமாடியோலோன், 0.005 சதவீதம். பூச்சிக்கொல்லிகளுக்குப் போடுகிற எச்சரிக்கைக் குறி, மாற்று மருந்து வைட்டமின் கே1, எல்லாம் அந்தக் கவரிலேயே அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் அது ஹெர்பல்.

மருத்துவர் அதற்குள் வாந்தி எடுக்க வைத்திருந்தார். அன்றைக்கு நாய் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. இந்த வகை மருந்தில் ஏமாந்து போவதே அங்கேதான் என்றார் அவர். ரத்தத்தை உறைய வைக்க உடம்பில் ஏற்கெனவே இருக்கிற பொருள்கள் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறில் ரத்தம், மூச்சு வாங்குதல் என்று ஆரம்பிக்கும். வைட்டமின் கே1 மாத்திரை வாரக்கணக்கில் கொடுத்தோம், ரத்தம் உறையும் நேரத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறது. குழந்தை வாயில் வைத்திருந்தாலும் இதே கதைதான். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது, நாமாக வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, கவரையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், யார் மருந்து வைத்தாலும் கவரைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு பொய்யும் சொன்னார்கள். மருந்து தின்ற எலி தாகம் எடுத்து வெளியே போய்த்தான் சாகுமாம். அப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது. ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும், சோர்ந்துபோய்ப் பெரும்பாலும் தன் வளைக்குள்ளேயே கிடந்து சாகும். எங்கள் வீட்டில் சமையலறைச் சுவருக்குள். அந்த நாற்றத்தைப் பற்றி விவரிக்க விருப்பமில்லை. சுவரை உடைக்காமல் செய்ய ஒன்றுமில்லை, தானாகக் காய்ந்து அடங்க வேண்டும். ஊதுவத்தி, ஸ்பிரே எதுவும் எடுபடாது.

நாற்றம் அடங்கி, சுரண்டல் மறுபடி ஆரம்பித்ததும் வாரண்டியைக் காட்டிக் கூப்பிட்டேன். டேப்லெட்காரர் வந்தார். இந்தத் தடவையும் குனியவில்லை.

“நாங்க வந்தப்போ இருந்த எலி எல்லாம் செத்துப்போச்சு மேடம். இது புது எலி. புது எலி வாரண்டியில வராது.”

“புதுசுன்னு எப்படித் தெரியும்?”

“பழசுதான் செத்துப்போச்சே.”

சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது: ‘வெளியிலிருந்து புதிதாக நுழைபவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.’ எலி பிறகு எங்கிருந்து நுழையும்?

அதே வருகையில் கூட வந்தவர் அலமாரியில் கிடந்த புழுக்கையைத் துடைப்பத்தால் வறட்டு வறட்டென்று பெருக்கித் தள்ளினார். இதை யாரும் செய்யாதீர்கள். காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகக் கிளம்பி மூச்சில் போனால், சில வகை எலிகள் பரப்பும் ஹான்டா வைரஸ் போன்ற கிருமிகளால் நோய் வர வழி இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்து எடுத்துக் கட்டிப் போட வேண்டும். வேக்குவம் கிளீனரும் கூடாது.

வேலையை முடித்தது கடைசியில் ஒரு கொத்தனார். எலி ஒழிப்பாளர் என்று அவர் எங்கேயும் போர்டு போட்டுக்கொள்ளவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு சிங்க்குக்குக் கீழே படுத்தார். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில், குழாயைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதன் விளிம்பு வழவழவென்று கறுத்திருந்தது. எலி போய்வந்து போய்வந்து உடம்பு எண்ணெய் தேய்ந்த கறை அது. எஃகு நாரை இறுக்கித் திணித்து மேலே சிமென்ட் பூசினார். வெறும் ஃபோம் அடைத்தால் கடித்துத் துளைத்துவிடும், நாரைக் கடிக்காது என்றார். பின்கதவின் அடியிலும் வெளிச்சம் தெரிந்தது, அங்கே ஓர் உலோகப் பட்டை அடித்தார். காற்றுப் போக்கித் துளைகளுக்குக் கண் சிறுத்த கம்பிவலை. மொத்தமும் ஒரு காலைப்பொழுது வேலை.

உள்ளே மாட்டிக்கொண்ட மிச்சத்துக்கு அடித்துக் கொல்லும் சாதாரண எலிப்பொறிகள், நாய் எட்டாத இடங்களில். ஒன்றிரண்டு போதாது, சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டருக்குள்தான் சுற்றும், அதனால் நடமாட்டம் உள்ள இடங்களில் நெருக்கமாகப் பல பொறி வைக்க வேண்டும். சுவரை ஒட்டி, இரை இருக்கும் முனை சுவரைப் பார்க்கும்படி குறுக்காக. நசுக்கிய நிலக்கடலை கொஞ்சம்போல, எடுத்துக்கொண்டு ஓட முடியாதபடி அழுத்தி ஒட்டினால் போதும், நிறைய வைத்தால் ஓரத்தில் நக்கிவிட்டுப் போய்விடும். பொறிகளில் எதுவும் சிக்காமல் போன பிறகு அலமாரியில் மாவு தூவி வைத்துப் பார்த்தோம், காலடித் தடம் இல்லை.

பணம் விஷயம். பல நாடுகளில் பூச்சி, எலி ஒழிப்புக்கு மருந்து வைக்க உரிமம் வேண்டும். உரிம எண் என்ன, வைத்த மருந்தின் பெயர் என்ன, ஹெர்பல் என்று ரசீதில் எழுதியது யார் என்று கேட்டு எழுத்து மூலம் அனுப்பிய பிறகுதான் மேலாளரின் குரல் இறங்கியது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த மாதங்களுக்கான தொகை திரும்பி வந்தது. அல்ட்ராசோனிக் கருவிக்கான பணத்தைத் தர மாட்டார்களாம், பயன்படுத்திய பொருளாம். நாயின் சிகிச்சைச் செலவைக் கேட்டு நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். ரசீது, அந்தப் பையன் அனுப்பிய கவர் படம், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் இணைத்தாயிற்று. கவர் படத்தில் அவன் பெயரோ நம்பரோ தெரியாதபடி வெட்டித்தான் கொடுத்தோம், அவன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது.