புதுக் குதிரை நொண்டுகிறது: ஊசியா, ஓய்வா, லாடமா, எக்ஸ்ரேயா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய மார்வாரி, கத்தியவாரி போன்ற நாட்டினக் குதிரையோ, கிண்டியிலோ பெங்களூரிலோ ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரையோ, எதுவாக இருந்தாலும் சரி, வந்த முதல் மாதத்தில் நொண்ட ஆரம்பித்தால் காதில் விழும் யோசனைகள் எப்போதும் இதே ஆறுதான். வலி ஊசி போடு. ஒரு மாதம் கட்டிப்போடு. லாடத்தைக் கழற்று, இல்லாவிட்டால் புதுசு அடி. தீவனத்தை மாற்று. எக்ஸ்ரே எடு. கடைசியாக, பேசாமல் தள்ளிவிடு. ஆறுமே ஏதோ ஒரு குதிரைக்குச் சரியான யோசனைதான். எந்தக் குதிரைக்கு எதை முதலில் செய்வது என்று தெரியாமல்தான் பணமும் போகிறது, குதிரையும் கெடுகிறது.

என் கட்சி இது: வலிமருந்துக்கு முன்னால் குளம்பைப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரேக்கு முன்னால் தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் தெர்மாமீட்டர். நலமான குதிரைக்கு உடல் சூடு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட், ஓய்வாக நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. காய்ச்சல் இருந்தால் கதை காலைப் பற்றியது அல்ல. காய்ச்சல் வந்து வந்து போய், வயிற்றடியும் கால்களும் வீங்கி, நன்றாகத் தின்றும் மெலிகிறது என்றால் சர்ரா நோயை நினைக்க வேண்டும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் டிரிப்பனோசோமா ஒட்டுண்ணி அது. இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். லாரியில் தலையை உயர்த்திக் கட்டி நெடுந்தூரம் கொண்டுவந்த குதிரைக்கு நுரையீரலில் சீழ்த்தொற்று வரலாம். தாடைக்கு அடியில் கட்டி, மூக்கில் சளி என்றால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற குதிரைத் தொண்டையடைப்பான். தோலில் வரிசையாகக் கட்டிகள் உடைந்து, மூக்கில் பிசுபிசுப்பாக ஒழுகினால் கிளாண்டர்ஸ் என்ற சந்தேகம் வர வேண்டும். அது மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை: கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்வது சட்டப்படி கட்டாயம், மாதிரி ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போகும், உறுதியானால் வைத்தியம் பார்க்க அனுமதி கிடையாது. அதனால்தான் புதிதாக வந்த எந்தக் குதிரையையும் குறைந்தது 3 வாரம் தனியே, தனி வாளி, தனிப் புல்லோடு வைக்கச் சொல்கிறார்கள்.

காய்ச்சல் இல்லையா? சரி, இனி காலுக்கு வரலாம்.

இரண்டு வகைக் குதிரைகளுக்கும் வரும் கோளாறுகள் வேறு வேறு. பந்தயக் குதிரை இளம் வயதிலேயே முழு வேகத்தில் ஓடியது. முன்னங்கால் பின்புறத் தசைநாண், முழங்கால் மூட்டு, குளம்புக்கு மேல் உள்ள மூட்டு ஆகியவைதான் தேயும் இடங்கள். குளம்பின் அடித்தட்டு மெல்லிசாக, முனை நீண்டு குதி தாழ்ந்து இருக்கும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண்ணும் உண்டு. சந்தைக் குதிரையின் சிக்கல்கள் பெரும்பாலும் பராமரிப்புக் குறைவால் வருபவை: மாதக்கணக்கில் செதுக்காத குளம்பு, பழைய லாட ஆணி, குடற்புழு, கூர்ந்துபோன கடைவாய்ப் பல், வண்டியில் தார்ச் சாலையில் ஓடிய அதிர்ச்சி. வாங்கும்போது சுழி பார்க்க அரைமணி நேரம் செலவழிப்பவர்கள் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் தருவதில்லை. நல்ல சுழி உள்ள குதிரைக்கும் குளம்பில் சீழ் பிடிக்கும்.

வலி ஊசி

மலிவு, உடனடி, எங்கும் கிடைக்கும். ஃபினைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்சின், மெலாக்சிகாம் என்று எதைப் போட்டாலும் அன்று மாலையே குதிரை நிமிர்ந்து நடக்கும். சிக்கலும் அதுதான். எங்கே வலிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சி அந்த நொண்டல். அதை அழித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டால் அவர் எதைப் பார்ப்பார்? கிழிந்த தசைநாணோடு குதிரை உற்சாகமாக ஓடி மேலும் கிழித்துக்கொள்ளும். பந்தயத்திலிருந்து வந்த குதிரையாக இருந்தால் ஏற்கெனவே இருக்கும் இரைப்பைப் புண்ணின் மேல் இது இன்னொரு சுமை. அளவு கூடினாலோ நாள் நீண்டாலோ பெருங்குடலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஒன்றுக்குப் பதில் இரண்டு வலிமருந்தைச் சேர்த்துப் போட்டால் பலன் கூடுவதைவிட ஆபத்துதான் கூடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது பெரியது. இரண்டு முன்னங்காலையும் முன்னே நீட்டி, உடல் பாரத்தைப் பின்னால் சாய்த்து, திரும்பவே மறுத்து நின்றால் அது குளம்பழற்சி. குளம்புச் சுவரையும் உள் எலும்பையும் பிணைக்கும் திசு வீங்கிப் பிரியத் தொடங்குகிறது. இங்கே வலிமருந்தைத் தள்ளிப்போடுவது கொடுமை. முதல் 2, 3 நாட்கள் குளம்புகளை விடாமல் ஐஸ் தண்ணீரில் நிறுத்த வேண்டும், மெத்தென்று படுக்கை போட வேண்டும், தானியத்தை நிறுத்த வேண்டும், மருத்துவர் அன்றே வர வேண்டும். ‘நடக்க விட்டா ரத்த ஓட்டம் வந்து சரியாயிடும்’ என்று யாராவது கயிற்றைப் பிடித்தால் பிடுங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடியும் அந்தப் பிணைப்பைக் கிழிக்கும்.

ஓய்வு

செலவில்லாதது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் எதற்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று தெரியாத ஓய்வு வெறும் காத்திருப்புதான்.

நேற்று நன்றாக இருந்த குதிரை இன்று காலையில் ஒரு காலை ஊன்றவே மறுத்தால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ். குளம்பு சூடாக இருக்கும், அதற்குச் சற்று மேலே விரல் வைத்தால் நாடி தடதடக்கும், குளம்பு இடுக்கியால் அழுத்தினால் ஓர் இடத்தில் வெடுக்கென்று இழுக்கும். இதற்கு ஒரு மாத ஓய்வு கொடுத்தால் சீழ் வழி தேடி மேலேறி, குளம்பின் விளிம்பில் உடைத்துக்கொண்டு வரும். அதுவரை குதிரை நரகம் பார்க்கும். அடியில் சரியான இடத்தில் திறந்துவிட்டு, எப்சம் உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஊன்றிவிடும். கூடவே ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி. குதிரை அந்தக் கிருமிக்கு மிக எளிதில் பலியாகும் மிருகம், முந்தைய உரிமையாளர் போட்டிருப்பார் என்று நம்பி இருக்க வேண்டாம்.

தசைநாண் கிழிசலுக்கு ஓய்வு கட்டாயம்தான். அதிலும் மேய்ச்சலில் அவிழ்த்து விடுவது ஓய்வு ஆகாது; ஒரு துள்ளலில் ஆறு மாத வேலை போய்விடும். லாயத்திலேயே கட்டி வைத்தாலும் போதாது. நார்கள் ஒழுங்காக வரிசையில் சேர அளந்து கொடுக்கும் பாரம் வேண்டும்: கையில் பிடித்து நடை, வாரவாரம் சற்றே கூடுதலாக, அவ்வப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்து அடுத்த படி. 9 முதல் 12 மாதம் ஆகும். வலி போனது ஆறாவது வாரம் என்பதற்காக ஏறி உட்காருபவர்களே அதிகம்.

லாடம், வெறுங்குளம்பு

லாடமே வேண்டாம் என்று ஒரு கூட்டம், லாடம் இல்லாமல் ஆகாது என்று இன்னொரு கூட்டம். நான் குதிரையையும் தரையையும் பார்த்துத்தான் சொல்வேன். மணலிலும் மண்ணிலும் வளர்ந்த, குளம்பு கெட்டியான நாட்டுக் குதிரைக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை சரியாகச் செதுக்கினாலே போதும். பல நொண்டல்கள் அதிலேயே குறைந்துவிடும். பந்தயக் குதிரையின் லாடத்தை வந்த வாரமே கழற்றி நம்மூர் ஜல்லித் தரையில் நிறுத்தினால், இல்லாத நொண்டலை நாமே உண்டாக்கியதாகும். மெல்லிசான அடித்தட்டு தடிக்கப் பல மாதம் பிடிக்கும், முனைச் சுவர் முழுவதும் புதிதாக வளர ஏறக்குறைய ஒரு வருடம். அப்படியும் கழற்ற வேண்டுமென்றால் மழைக்குப் பிந்திய மண் தரையில், வேலை வாங்காமல், பொறுமையாகக் கழற்ற வேண்டும்.

எது தேர்ந்தாலும் லாடக்காரர்தான் முக்கியம். அவரிடம் ‘அழகா உருண்டையா வெட்டுங்க’ என்று சொல்லாதீர்கள். முனையைக் குறைத்துக் குதியைக் காப்பாற்றச் சொல்லுங்கள்.

தீவனத் தொட்டி

பலரும் கால் நோவோடு சேர்த்துப் பார்க்காத இடம் இது, நம்மூருக்கு மிகவும் பொருந்துவதும் இதுதான். மாடு வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் குதிரையும் வாங்குகிறார். மாட்டுக்கு வெட்டும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல்லையே குதிரைக்கும் போடுகிறார், மேலே இரண்டு வேளை தவிடு. நேப்பியரில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முன்வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. தவிட்டிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு. இரண்டும் சேர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். இன்று இந்தக் கால், அடுத்த வாரம் அந்தக் கால் என்று மாறி மாறி நொண்டும், அடி குறுகும், நாளானால் முக எலும்பு இருபுறமும் புடைக்கும், பல் ஆடும். இரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கலாம் என்பதால் அந்த ஒரு சோதனையை நம்பி ஏமாறக் கூடாது.

இந்தக் குதிரையை எத்தனை எக்ஸ்ரே எடுத்தாலும், எத்தனை லாடம் மாற்றினாலும் நொண்டல் போகாது. குதிரைமசால், உலர்ந்த அருகம்புல் போன்றவற்றுக்கு மாறி, தவிட்டைக் குறைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் தீவனத்துக்கான சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல.

கோ எஃப்எஸ்-29 தீவனச் சோளமும் குதிரைக்கு ஆகாது. தொடர்ந்து தின்றால் சிறுநீர் சொட்டும், பின்பகுதி தள்ளாடும், அதையும் நொண்டல் என்றே நினைப்போம். கோழித் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் குதிரையின் இதயத்தையே கொல்லும். உண்ணிக்கு மாட்டின் மேல் அடிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடல் அசைவை நிறுத்திவிடும். மெலிந்து வந்த குதிரைக்கு ஆசை ஆசையாகக் கொள்ளும் ஓட்ஸும் கொட்டினால் முன்பு சொன்ன குளம்பழற்சியை நாமே அழைத்து வருகிறோம். முதல் பத்து நாள் நல்ல புல்லும் குதிரைமசாலும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை.

எக்ஸ்ரே, ஸ்கேன், மரப்பு ஊசி

சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் முதலில் நடக்க, துள்ளுநடை போட வைத்துப் பார்ப்பார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம்: கெட்டித் தரையில் ஒருவர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஓட, வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். அதைக் கைபேசியில் எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எக்ஸ்ரே மேல் நமக்கு ஏனோ அளவுகடந்த நம்பிக்கை. ஓடி முடித்த பந்தயக் குதிரையின் எந்த மூட்டைப் படம் எடுத்தாலும் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியும். அதுதான் வலிக்கிறது என்பதற்குப் படத்தில் சாட்சி இல்லை. தசைநாணோ எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, அதற்கு ஸ்கேன். ஆகவே பணம் கொஞ்சமாக இருந்தால் மரப்பு ஊசிக்குத்தான் என் ஓட்டு. குளம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நரம்பு நரம்பாக மரக்க வைத்துக்கொண்டே வருவார்கள். எந்த ஊசிக்குப் பிறகு குதிரை நேராக நடக்கிறதோ, வலி அதற்குக் கீழே. அப்புறம் அந்த ஒரே இடத்தை மட்டும் படம் எடுத்தால் போதும். எலும்பு முறிவு என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் மரப்பு ஊசி போடக் கூடாது. வலி மரத்த குதிரை முறிந்த காலை முழுதாக ஊன்றிவிடும். அங்கே எக்ஸ்ரேதான் முதல்.

திருப்பிக் கொடுப்பது, விற்பது

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி கால்நடையும் சரக்குதான். பொதுவாக, பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. ‘நொண்டல் இல்லை, பழைய காயம் இல்லை’ என்று எழுதி வாங்கியிருந்தால் பேச ஒரு பிடி இருக்கும். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய விலைக்கு அதுவும் கிடையாது. மேலே சொன்ன சீழ், குளம்பு, தீவனக் கோளாறுகளுக்காகக் குதிரையைத் திருப்ப அலைவது வீண். வைத்தியச் செலவு போக்குவரத்துச் செலவைவிடக் குறைவாகவே முடியும். பழைய தசைநாண் கிழிசலோ மூட்டுத் தேய்மானமோ என்றால் கணக்கு வேறு. பாய்ச்சலுக்கு ஆகாத அந்தக் குதிரை, சிறுவரை ஏற்றி மெல்ல நடக்கப் பல வருடம் உதவும். உங்களுக்கு அது வேண்டாமென்றால் குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுக்கலாம். ஊசி போட்டு அடுத்த சந்தைக்கு ஓட்டுபவர்களால்தான் ஒரே குதிரை நான்கு வீடு மாறுகிறது.

பிரிட்டனில் குதிரை வாங்கும்போது மருத்துவர் இரத்தம் எடுத்து 6 மாதம் வைத்திருப்பார்கள். பிறகு நொண்டினால் அன்று வலிமருந்து கொடுத்திருந்தார்களா என்று சோதிக்கலாம். நம் சந்தையில் அதற்கு வழியில்லை. ஆனால் சந்தை சில நாள் நடக்கிறது. முதல் நாள் பிடித்துப்போன குதிரையை மூன்றாம் நாள் விடிகாலையில், தரகரிடம் சொல்லாமல், கட்டிய இடத்திலேயே போய்ப் பாருங்கள். உடம்பு சூடேறாத அந்த நேரத்தில் முதல் பத்து அடி எப்படி வைக்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.