விமானி வேலை உறுதி என்று காசு வாங்குகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

திருகோணமலை டவுனிலும் கிண்ணியாப் பக்கமும் மறுபடியும் விமானிப் பயிற்சிக் கருத்தரங்கு என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கையோடு இவர்கள் வருவது வழக்கம். என் தம்பிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்ததை எழுதுகிறேன். காணியை ஈடு வைக்கப் போகிற ஒரு அம்மாவாவது வாசிக்க வேண்டும். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர்களைப் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார்.

தம்பி, சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு, பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி மட்டும் கொஞ்சத்தில் தவறிவிட்டது. 2021 கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு ஏஜென்ட் உப்புவெளியில் ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். ஒன்றரை வருடத்தில் உங்கள் மகன் கொக்பிட்டில் இருப்பான், ஒன்றுக்கும் யோசிக்காதீங்க அன்ரி என்று அம்மாவிடம் சொல்லி ஒரு கடிதத்தைக் கொடுத்தார். மேலே வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியின் முத்திரை, கீழே ஒரு சின்ன பிராந்திய விமான நிறுவனத்தின் சின்னம். வாயால் சொன்னது வேலை உறுதி என்று. கடிதத்தில் இருந்ததோ, பயிற்சி முடித்தவர்களின் பெயர் தேர்வுக்குப் பரிந்துரைக்கப்படும், தேர்வு நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டது என்று. அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் அதில் சட்டப்படி பிடிக்க ஒரு வரி கிடையாது, அவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

பாலையூற்றுக் காணியை வங்கியில் ஈடு வைத்து, நகைகளையும் அடகு வைத்து முதல் தவணை கட்டினோம். கட்டணம் முழுக்க டொலரில். 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், 200 ரூபாய்க்கு இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் எங்கள் மிச்சத் தவணைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகின. நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டபோது, கட்டிய காசு திரும்ப வராது என்று சொல்லிவிட்டு, போனில் ஒரு செய்தியைக் காட்டினார் அந்த ஆள். அமெரிக்காவில் பிராந்திய விமான நிறுவனங்களுக்கு விமானிகளே இல்லையாம், சம்பளம் எங்கோ போய்விட்டதாம், இங்கே முடித்தால் அங்கே தாவலாமாம்.

செய்தி பொய்யில்லை. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான பிராந்திய நிறுவனங்கள் துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் என்று அறிவித்தது உண்மை. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பு அந்த வேலைக்குக் கொடுத்தது மிகவும் சொற்பம். ஆனால் அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், குறித்த பட்டப்படிப்புகளை முடித்தவர்களுக்கு 1000, இராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750. அதோடு அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமையும் வேண்டும். வர்த்தக விமானி உரிமம் எடுக்கத் தேவைப்படுவது பல நாடுகளில் 200 மணி நேரம், அமெரிக்காவில் 250. இடையில் இருக்கிற ஆயிரத்துச் சொச்ச மணி நேரத்தை யார் தருவார்கள், எப்படிச் சேர்ப்பது, அதுவரை எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்குள்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது. பறக்கச் சொல்லிக் கொடுக்கும் பயிற்றுநர் வேலைதான் அங்கே பெரும்பாலானவர்கள் பிடிக்கும் வழி, அது நம்மூர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது அந்தந்த நாட்டின் விசாவைப் பொறுத்தது. இதில் ஒன்றைக்கூட அந்த ஆள் வாய் திறந்து சொல்லவில்லை.

இந்த 1500 மணி நேர விதி வந்த கதையையும் தெரிந்து வைத்திருங்கள். 2009 பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் இறங்கும் நேரத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது மூக்கைக் கீழே தள்ளுவதற்குப் பதில் கப்டன் மேலே இழுத்தார். துணை விமானியான பெண் சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தவர், வேலைக்கு வர இரவு முழுக்க நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பயணம் செய்து, நிலையத்து ஓய்வறையில் படுத்து எழும்பித்தான் விமானத்தில் ஏறினார். விசாரணையில் அவருடைய சம்பளமும் களைப்பும் பேசுபொருளாகின. அதன் பிறகுதான் 2010 சட்டம், 2013இல் அந்த விதி. கவனியுங்கள், அந்த இருவருமே 1500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். ஆகவே மணிக்கணக்கு மட்டும் பிரச்சினையில்லை, சம்பளமும் தூக்கமும் ஒழுங்கான பயிற்சியும் சேர்ந்த விஷயம் இது. பல வருடம் கழித்து அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பதறியது, ஏனென்றால் அப்போது தம்பி வேலையில் இருந்த நிலையும் அதுதான்.

சரி, தம்பி உரிமம் எடுத்தான். வேலை வரவில்லை, அனுபவம் போதாது என்றார்கள். பிறகு அதே ஏஜென்ட் இரண்டாவது பொதியோடு வந்தார். ஏடிஆர் என்ற சின்ன பயணிகள் விமானத்துக்கு டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) எடுத்து, அந்தச் சின்ன நிறுவனத்திலேயே 500 மணி நேரம் லைன் ட்ரெய்னிங், அதற்கும் காசு நாங்களே கட்ட வேண்டும். அதாவது டிக்கெட் வாங்கிய பயணிகளை ஏற்றிக்கொண்டு துணை விமானி செய்கிற முழு வேலையையும் இவன் செய்வான், அதற்கு நாங்கள் பணம் கொடுப்போம். சில நாடுகளில் இப்படி நடந்திருக்கிறது. மாமா கனடாவிலிருந்து அனுப்பிய காசும் அதில் போனது.

500 முடிந்ததும் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அவனுடைய முதல் சம்பளச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அடிப்படைத் தொகை ஒரு வரி. அடுத்த வரி பறந்த நேரத்துக்கான கொடுப்பனவு, அது விமானம் தரிப்பிடத்திலிருந்து நகர்ந்த நிமிடத்திலிருந்து மறுபடி நிற்கும் நிமிடம் வரைக்கும்தான். விடிய நாலு மணிக்கு வந்து நிற்பது, விமானத்தைச் சுற்றிச் சோதிப்பது, மழைக்காகக் காத்திருக்கிற மூன்று மணி நேரம், எதற்கும் காசில்லை. அதற்குக் கீழே கழிவுகள்: பயிற்சி ஒப்பந்தத் தவணை, சீருடை, நிறுவனம் கொடுத்த அறை. அந்த அறையில் ஆறு பேர், ஒருவன் படுக்கும்போது இன்னொருவன் வேலைக்கு எழும்புவான். விமானம் பழுதாகி நின்ற மாதம் பறக்கவே முடியாததால் கையில் வந்தது சாப்பாட்டுக்குக்கூடக் காணவில்லை. அம்மா இங்கிருந்து ஓய்வூதியத்தில் மகனுக்குக் காசு அனுப்பினார். இரண்டு வருடம் இருந்தால்தான் ஒப்பந்தம் முடியும் என்றார்கள். விலக முயன்றபோது முழுத் தொகையையும் கட்டச் சொன்னதோடு, அவன் பறந்த மணி நேரங்களை, விமானி தன் பறப்பைப் பதிந்து வைக்கும் லொக் புத்தகத்தில் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கவும் மறுத்தார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த 500 மணி நேரம் கையெழுத்தில்லாமல் வேறு எந்த நிறுவனத்திலும் செல்லாது. இதைத்தான் நான் பச்சைக் கொள்ளை என்கிறேன்.

பிள்ளைக்கு ஆசை இருந்தால் தடுக்காதீர்கள், அது நல்ல தொழில்தான். ஆனால் ஒரு ரூபாய் கட்ட முன்பு முதலாம் தர மருத்துவச் சான்றிதழை எடுத்துவிடுங்கள், கண்ணிலோ இதயத்திலோ தடை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பள்ளியின் அங்கீகாரத்தையும், வெளிநாட்டு உரிமத்தை இங்கே மாற்ற என்னென்ன பரீட்சை எழுத வேண்டும் என்பதையும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் நேரே கேளுங்கள், ஏஜென்டிடம் கேட்காதீர்கள். இரத்மலானையிலேயே பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றின் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போன வருடம் முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே பறக்கிறார்கள் என்று கேட்டு அவர்களோடு நீங்களே பேசுங்கள், ஏஜென்ட் பேசவைக்கிற ஒருவரோடு அல்ல. மொத்தக் காசையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள், பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், வெளிநாட்டில் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லி ஆள் சேர்க்க 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாங்கள் கல்வி ஆலோசகர்கள் மட்டும்தான் என்று நழுவுவார்கள். அப்படியானால் வேலை பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.

2021, 2022இல் உப்புவெளிக் கூட்டத்துக்குப் போய்க் காசு கட்டிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். பற்றுச்சீட்டு, வங்கி வைப்புத் துண்டு, அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், எதையும் அழிக்க வேண்டாம். எனக்குத் தனியாக எழுதுங்கள், பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டோடு உங்களுடையதையும் சேர்க்கலாம் என்று சட்டத்தரணி சொல்கிறார்.