வங்க விசிறியா, பியூட் இன்லெட்டா: ஆழ்கடல் வாய்க்கால்களைப் படிக்க எது ஏற்றது?

முதுகலை ஆய்வேட்டுக்கு ஆழ்கடல் வாய்க்கால்களின், அதாவது கடலடித் தரையில் வண்டல் ஓட்டங்கள் வெட்டும் தடங்களின், வளர்ச்சியை எடுத்துக்கொண்டபோது, வங்காள விரிகுடாவின் வண்டல் விசிறி (கடலடியில் விசிறி வடிவில் பரந்த வண்டல் படிவு), கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள பியூட் இன்லெட் என்னும் ஃபியோர்டு (பனிப்பாறை குடைந்த, குறுகிய ஆழமான கடல் நுழைவு) ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் பியூட் இன்லெட்டைத் தேர்ந்தெடுத்தேன். மணலும் சேறும் கலந்து கனத்த நீர் சரிவில் பாய்ந்து தரையை அரிப்பதும், வழிந்த சேறு இருபுறமும் கரையாக உயர்வதும் இரண்டு இடங்களுக்கும் பொது.

அளவில் வங்க விசிறிக்கு நிகரில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. 2015-இல் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று, ஏறக்குறைய கன்னியாகுமரியின் அட்சரேகையான 8° வடக்கில், ஏழு இடங்களில் துளையிட்டது. துளைகளிலிருந்து எடுத்த மண்தூண்கள் பல இலட்சம் ஆண்டுகளின் வரலாற்றைத் தருகின்றன. ஆனால் வாய்க்கால் நகர்ந்த விதத்தை அவற்றிலிருந்து ஊகித்துத்தான் அறிய வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது மறு அளவீடு. பியூட் இன்லெட்டில் சுமார் 40 கி.மீ. நீள வாய்க்காலின் தரையை ஒன்பது ஆண்டுக் காலத்தில் திரும்பத் திரும்ப அளந்து வரைபடமாக்கியிருக்கிறார்கள். அவற்றை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வின்படி, வாய்க்கால் தரையிலுள்ள செங்குத்தான படிகள் ஆண்டுக்கு 100 முதல் 450 மீட்டர் வரை மேல்நோக்கிப் பின்வாங்குகின்றன. படியைத் தாண்டும் ஓட்டம் வேகமெடுத்து அதன் அடியை அரிக்கிறது. அரித்த மணலில் ஒரு பகுதி கீழே படிகிறது. அடுத்த படி வந்து அதையும் அரித்துச் செல்கிறது. ஆற்றைப் போல வளைவின் வெளிக்கரை அரிப்பே வாய்க்காலை மாற்றும் என எதிர்பார்த்திருந்த எனக்கு, படிகளின் நகர்வே இங்கு முதன்மையானது என்பது மிகப் பெரிய திருப்பம். ஒரே ஒரு வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் படி பாறையாலோ நிலநடுக்கத்தாலோ வந்த நிலையான மேடு என்றே தோன்றியிருக்கும்.

இதை அப்படியே பெருங்கடலுக்குப் பொருத்த நான் தயங்குகிறேன். 2020 ஜனவரியில் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து புறப்பட்ட வண்டல் ஓட்டம் 1,100 கி.மீ.க்கு மேல் பாய்ந்து கடலடிக் கம்பிவடங்களை அறுத்தது. அத்தகைய ஆற்றலை ஒரு ஃபியோர்டு காட்டாது. வாய்க்கால் தன் தடத்தைக் கைவிட்டுப் புதிய தடம் பிடிப்பதைப் பல்லாயிரம் ஆண்டுகளின் அளவில் அறிய விரும்புவோருக்கு வங்க விசிறியின் மண்தூண்களையே பரிந்துரைப்பேன்.