ஜன்னல் ஏசியா, வாட்டர் கூலரா: கீழக்கரை உப்புக் காற்றில் ஒரு சில்லர்

கம்ப்யூட்டர் பிராசசர் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் சூட்டை உறிஞ்சும் வாட்டர் பிளாக்கைத் திறந்தபோது உள்ளே சுண்ணாம்புக் களி மாதிரி ஒன்று அப்பிக்கிடந்தது. பிளாக்கின் செப்புத் தகடுகள் காகிதக் கனம்தான்; ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அந்த இடுக்கெல்லாம் வெள்ளை. நகத்தால் சுரண்டினால் வழவழவென்று வந்தது. அதற்கு எட்டு மாதத்துக்கு முன் பழைய ஜன்னல் ஏசியைப் பிரித்து நானே செய்த சில்லர், அதாவது அந்தத் தண்ணீரைக் குளிராக்கும் பெட்டி, பார்த்த வேலை அது.

இப்போது ஓடுவது இரண்டாவது சில்லர், குடிதண்ணீர் குளிராக்கும் பழைய வாட்டர் கூலரில் செய்தது. பதினான்கு மாதம் ஆகிறது. இரண்டையும் செய்து, இரண்டுக்கும் காசு விட்டவன் எழுதுகிறேன். நடுநிலையெல்லாம் இல்லை, என் ஓட்டு வாட்டர் கூலருக்கு.

சில்லர் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். மெஷினில் இருக்கும் ரைசன் 9 5950எக்ஸ் பிராசசர் முழுவேகத்தில் 142 வாட் தின்னும், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 170 வாட். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்க விட்டால், 312 வாட் சூடு, மணிக்கணக்கில். ரூமுக்கே ஏசி போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். கதவு சாத்துகிற ரூம் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், மேலே படிக்கவே வேண்டாம். என் கடையில் ஜெராக்ஸும் உண்டு. ஷட்டர் காலையில் ஏறினால் இரவுதான் இறங்கும். கடல் நடக்கும் தூரம். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று தொடங்கிவிட்டால் மேசையைத் துடைத்த துணியே பிசுபிசுக்கும். அந்தக் காற்றை நாலு ஃபேன் வைத்து கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் உறிஞ்சுவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. சூட்டைத் தண்ணீர் வெளியே கொண்டுபோய்விட்டால், துணி வடிகட்டியோடு மெதுவாகச் சுற்றும் ஒரே ஃபேன் உள்ளே போதும்.

கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் 12706 தகடு ஒன்று ஐம்பது, அறுபது வாட்டுக்கு மேல் இழுக்காது. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே வெப்பத்தில் இருந்தால்தான். இழுக்கிற சூட்டோடு தான் தின்ற கரண்ட்டையும் சூடாக்கித் திருப்பித் தரும். வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள் பைப்பைச் சுருட்டி வைப்பதும் அப்படித்தான். வீட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் உள்ளே வைத்ததை மெதுவாகக் குளிராக்கச் செய்தது. அதன் வயிற்றில் இடைவிடாமல் 300 வாட் கொட்டினால் சூடேறி ட்ரிப் ஆகும். புது ஃப்ரிட்ஜில் இருப்பது தீப்பற்றும் கேஸ். பைப்பை அறுத்து விளையாட அது இடமில்லை.

ஆக மிச்சம் இரண்டு.

அவற்றுக்குப் போகும் முன், எவ்வளவு குளிர் வேண்டும் என்பதில் நான் பட்ட அடி. ஏசி சில்லர் ஓடத் தொடங்கிய முதல் வாரம் ஆசையில் 15 டிகிரி வைத்தேன். அரை மணி நேரத்தில் பைப் முழுக்க வேர்த்து, ஒரு சொட்டு கிராபிக்ஸ் கார்டின் முதுகில் விழுந்து, திரையில் பச்சைக் கோடு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்ததில் கார்டு பிழைத்தது, என் அதிர்ஷ்டம். கணக்கு எளிது: காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதம் என்றால் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மீதும் தண்ணீர் கோக்கும். போர்டில் உப்புப் படிந்திருந்தால் அதுகூட வேண்டாம். ஈரப்பதம் 75 சதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீர்த்துப்போகும். அடுப்படி உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்போது மெக்கானிக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) சொன்னார்: "தம்பி, இது ஐஸ் கம்பெனி இல்ல, கம்ப்யூட்டரு. வேர்க்காம ஓடுனாப் போதும்." அன்றிலிருந்து 28 டிகிரிதான். சாதாரண ரேடியேட்டர் போட்டிருந்த காலத்தில் மதிய நேரத்துத் தண்ணீர் 45 வரை போகும். அதோடு பார்த்தால் 28 என்பதே ராஜபோகம்.

28 போதும் என்று ஆனதுமே முக்கால் டன் ஏசியின் பலம் வீண். முக்கால் டன் என்றால் சுமார் 2,600 வாட் சூட்டை இழுக்கும். என்னிடம் இருந்த 50 லிட்டர் டப்பில் இரண்டு டிகிரி ஏறி இறங்க விட்டால், கம்ப்ரசர் மூன்று நிமிடம் ஓடும், இருபத்திரண்டு நிமிடம் தூங்கும். வண்டியை முதல் கியரில் நாலடி ஓட்டி நிறுத்துவது போல, கம்ப்ரசருக்கு நல்லதல்ல. 40/40 வாட்டர் கூலர் என்றால் மணிக்கு 40 லிட்டர் குளிராக்கும், 40 லிட்டர் கொள்ளும். 20 டிகிரி இறக்குவதாக வைத்தால் சுமார் 930 வாட். ஒன்பது நிமிடம் ஓட்டம், பதினெட்டு நிமிடம் ஓய்வு. தண்ணீரின் வெப்பம் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் எஸ்டிசி-1000 கண்ட்ரோலரில் மூன்று நிமிடத் தாமதமும் வைத்திருக்கிறேன், கரண்ட் போய் வந்தால் உடனே கம்ப்ரசர் உதைக்காது. கரண்ட் பில்லில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

செய்வதிலும் கூலர் சுலபம். ஜன்னல் ஏசியில் ஒரே மோட்டாரின் ஒரு முனையில் புளோயர், மறுமுனையில் ஃபேன். புளோயரைக் கழற்றி, கேஸ் பைப் ஒடியாமல் குளிர்க் காயிலை மெல்ல வளைத்து டப்புக்குள் இறக்க வேண்டும். காக்கா அதை வளைத்த ஐந்து நிமிடமும் நான் மூச்சு விடவில்லை. கூலரில் வளைக்க ஒன்றுமில்லை. ஸ்டீல் டேங்கைச் சுற்றிச் செப்புக் குழாய் ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேல் ஃபோம். மூடியில் இரண்டு ஓட்டை, ஒரு பம்ப், முடிந்தது. எதைச் செய்தாலும் எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் ஆர்சிசிபியும் இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டியில்.

ஆனால் என்னைக் கூலர் பக்கம் தள்ளியது இதெல்லாம் இல்லை. அந்த வெள்ளைக் களிதான்.

ஏசியின் குளிர்க் காயில் என்பது செப்புக் குழாய் மேல் வரிசையாகச் செருகிய அலுமினியத் தகடுகள், ஃபின் என்பார்கள். காற்றில் இருக்கும்வரை அது நன்றாக உழைக்கும். தண்ணீரில் முக்கினால் செம்பும் அலுமினியமும் சேர்ந்து பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். நான் வேறு புத்திசாலித்தனமாக எங்கள் போர்த் தண்ணீரை ஊற்றியிருந்தேன். அந்த உப்புக்கு அரிப்பு இரட்டிப்பு வேகம். கரைந்தது வெள்ளைப் பொடியாகிச் சுற்றி வந்து, கிடைத்த குறுகலான இடத்தில் தங்கியது. அந்த இடம் வாட்டர் பிளாக்.

டப்புக்குள் தனியாக ஒரு செப்புச் சுருளை வைத்து, கம்ப்யூட்டர் தண்ணீரை அதற்குள் மட்டும் ஓட விட்டிருந்தால் பிளாக் தப்பியிருக்கும். நியாயம்தான். ஆனால் ஃபின் அப்போதும் கரையும், தண்ணீர் மாற்றும் வேலை அப்போதும் நம் தலையில்தான். கூலரில் தண்ணீர் தொடுவது ஸ்டீல், செம்பு, ரப்பர் மட்டும். ஸ்டீலுக்கும் குளோரைடு ஆகாது, ஆகவே பேட்டரி கடையில் ஐந்து லிட்டர் கேன் எட்டு வாங்கி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், கூடவே கொஞ்சம் கார் கூலண்ட். போன மாதம் பிளாக்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். செம்பு நிறம் கொஞ்சம் மங்கல். இடுக்கில் ஒன்றுமில்லை.

வெளியே சூட்டை விடும் கண்டென்சர் இரண்டிலுமே அலுமினிய ஃபின்தான், அதற்குத் தப்பிக்க வழியில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட வேண்டியிருந்தது. ரயில்வேக்கே அந்தப் பாடு. ஏசியின் கண்டென்சரில் ஃபின்கள் நெருக்கமாக இருக்கும். உப்புப் புகுந்தால் வெளியே வராது, கடைசியில் விரல் பட்டாலே ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. கூலரில் கொஞ்சம் அகலமான இடைவெளி. பக்கத் தகட்டில் நாலு ஸ்க்ரூ கழற்றி, மெயினை அணைத்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஸ்ப்ரேயரில் நல்ல தண்ணீர் அடிக்கிறேன். பத்து நிமிட வேலை. சோழகக் காலத்தில் வாரம் ஒருமுறை.

கூலரிலும் குறை உண்டு. பழையது 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது, ஆனால் கம்ப்ரசர் எத்தனை வருடம் உழைத்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. பதினான்கு மாதம் என்பது ஒரு சோழகமும் கொஞ்சமும்தான். ஐந்து வருடம் தாங்கும் என்று நான் எழுதினால் நம்பாதீர்கள். இரண்டு கார்டு போட்டு 700 வாட் ஓட்டுகிறவர்களுக்கு இந்த 40/40 மூச்சு வாங்கும் என்றே நினைக்கிறேன், நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஏசியும் செப்புச் சுருளும் சரியாக வரலாம். எதிர்பாராத லாபமும் ஒன்று: கரண்ட் போனால் யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரும் பம்பும் மட்டும் ஓடும், 40 லிட்டரும் 28-லிருந்து 34-க்கு ஏற ஐம்பது நிமிடம் பிடிக்கும். யூபிஎஸ் பேட்டரி அதற்கு முன்பே படுத்துவிடும்.

நான் எதிர்பாராத தொல்லை வேறு. கூலர் பார்க்கக் கூலர் மாதிரியே இருக்கிறது. வைத்த மூன்றாம் நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பையன் பாட்டிலை நீட்டிக் குழாயைத் திறந்துவிட்டான், பச்சைத் தண்ணீர். கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், குடித்தால் சிறுநீரகம் போய்விடும். பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, அன்றைக்கே குழாயைக் கழற்றி டம்மி அடைத்து, கூலரைப் பின்கட்டுக்குத் தள்ளி, மேலே 'விஷம்' என்று பெயிண்டில் எழுதிவிட்டேன். போன வாரம்கூட ஒரு பெரியவர் பின்பக்கம் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "குழாய் எங்க தம்பி?"