ஆடிச் சாரலும் ஆறு வருடக் கம்ப்யூட்டரும்

காங்கேயத்து மாப்பிள்ளை ஒரு வாத்தியார். இப்போது வால்பாறைக்கு மாற்றல் வந்திருக்கிறது. போன வாரம் போன் செய்து, "ஏனுங்க மச்சான், நம்ம பொட்டியை மலைக்குக் கொண்டுட்டுப் போலாமுங்களா? ஈரக்காத்துல கெட்டுப்போயிருமுங்களா?" என்று கேட்டான்.

'நம்ம பொட்டி' என்றதற்குக் காரணம் உண்டு. 2019-இல் இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பாகங்களைப் போட்டு அசெம்பிள் செய்து ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கினோம். ஒன்று காங்கேயம் போனது, இன்னொன்று ஆனைமலைக்கு, என் வீட்டுக்கு வந்தது. அவனுடையது இன்றுவரை ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. என்னுடையது ஆனி பிறந்தால் பீப் அடிக்கும்.

மற்றபடி குறை சொன்னால் வாய் வெந்துவிடும். கணக்கு வழக்கு, பையனின் கொரோனா காலத்து வகுப்பு, தோட்டத்துக் கேமரா எல்லாம் இதில்தான் ஓடின. ஆனால் அந்தப் பீப்! ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாக நிற்கும். நீளமாக ஒரு சத்தம், சற்று அமைதி, மறுபடி அதே சத்தம். ரேம் என்கிற நினைவகப் பட்டை, செருகிய இடத்தில் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். பக்க மூடியைக் கழற்றி, ரேமை உருவி, பையனின் பென்சில் ரப்பரால் அந்தப் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகினால் திரை வந்துவிடும். பொன் கறுக்காதே என்று கேட்கலாம். முலாம் அத்தனை மெல்லியது. அதிலுள்ள நுண்துளை வழியாக அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் ஈரம் தொட்டுவிடும்.

இந்த ஆடியில் ரப்பர் பலிக்கவில்லை. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றாமல், "மதர்போர்டு போயிருச்சுங்க, ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். வந்த கோபத்துக்குப் பெட்டியை அப்படியே திருப்பித் தூக்கி வந்துவிட்டேன். எங்கள் வீதியில் கேமரா மாட்டும் பையன் பெயின்ட் பிரஷ்ஷும், துடைத்ததும் காய்ந்துவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் எடுத்துவந்து, ரேம் செருகும் பள்ளத்தைச் சுரண்டினான். பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பஞ்சு வந்தது. விரலில் நசுக்கினேன், ஈரம் தட்டியது. முகர்ந்தால் மட்டை மில் வாசம்!

தென்னை நார்த்தூள். எங்கள் ஊரில் மில்லுக்குப் பஞ்சமா? ரோஜாத் தொட்டியில் தண்ணீரைப் பிடித்து வைக்கட்டும் என்று காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோமே, அதே சரக்கு. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடிக்கும். அதை என் ஃபேன் ஆறு வருடமாக உறிஞ்சி போர்டின்மேல் மெத்தை போட்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது அந்த மெத்தை ஊறும். தூசியில் உப்பும் இருந்தால், மின்சாரம் போகக்கூடாத இடத்தில் கசியும், செம்பும் பச்சை பூக்கும். போதாக்குறைக்கு அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் சிபியூவுக்கும் சாம்பிராணி காட்டுவார். அந்தப் பிசின் வேறு தூசியை ஒட்டிக்கொள்ளும். அம்மாவிடம் யார் சொல்வது?

வெறும் ஈரக்காற்றுக்குக் கம்ப்யூட்டர் அப்படியொன்றும் பயப்படாது. என் ஹார்ட் டிஸ்க் தாளில் 5 முதல் 95 சதவீத ஈரப்பதம் வரை ஓடும் என்றே போட்டிருக்கிறது, நீர் கோர்க்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன். சாரல் நாள் காலையில் அறையில் 24 டிகிரி, 88 சதவீதம். பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அதே மானியை உள்ளே வைத்தால் 34 டிகிரி, 51 சதவீதம். காற்றிலுள்ள நீர் எங்கும் போகவில்லை, சூடானதால் காற்று காய்ந்த மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஓடும் பெட்டி தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது. நானோ இடிக்கும் மின்னலுக்கும் பயந்து மழைக்காலம் முழுக்க வயரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தேன். பீப் அடிக்காமல் என்ன செய்யும்? சுத்தம் செய்தபின் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன், உறையைத் தூக்கிப்போட்டாயிற்று. சாரல் விடாமல் அடித்தும் இதுவரை சத்தமில்லை. சந்தோஷமாக இருக்கிறது, ஆறு வருடம் ரப்பர் தேய்த்ததை நினைத்தால் எரிச்சலாகவும் இருக்கிறது.

சரி, மாப்பிள்ளைக்கு என்ன சொல்வது? ஈரத்தால் பெட்டி சாகாது என்று இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனாலும் கொண்டுபோகாதே என்றுதான் சொன்னேன். வால்பாறை எங்கள் அடிவாரத்து ஆனைமலை ஊர் அல்ல. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ராத்திரிக் குளிரில் சில்லிட்ட இரும்புப் பெட்டிமேல் காலையில் ஈரக்காற்று பட்டால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி வியர்க்கும். லீவுக்கு ஊர் வந்தால் தினமும் யார் ஓட்டுவது? பேசாமல் லேப்டாப் வாங்கிக்கொள், கையோடு கொண்டு வரலாம்.

"அப்போ இந்தப் பொட்டிய என்ன பண்றதுங்க?" என்றான்.

எனக்கே கொடுத்துவிடு, அந்த ரேமாவது ரப்பர் படாத ரேம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.