மறுபடியும் குட்டிக் கார்கள்: மேட்ச்பாக்ஸா, ஹாட் வீல்ஸா, டொமிக்காவா?

என் அப்பா டாக்சி ஓட்டினார். ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்குக் கூட்டிப் போவார். தரையில் விரித்த கித்தான் மேல் பழைய கடிகாரம், ரேடியோ, ஸ்குரூ டிரைவர் எல்லாம் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குள் கைவிட்டு ஒரு மேட்ச்பாக்ஸ் காரை எடுத்துக் கொடுப்பார். அப்படிச் சேர்ந்தவற்றை மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தேன். வீடு மாறியபோது டின்னோடு அத்தை மகனுக்குப் போய்விட்டது. சந்தையும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது.

நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடியும் சேர்க்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு அலமாரித் தட்டு. அதில் எதை வைப்பது என்று முடிவு செய்வதற்குள் மூன்று பக்கமும் கொஞ்சம் காசு செலவாகிவிட்டது.

கைக்கு எளிதில் கிடைப்பது ஹாட் வீல்ஸ். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968இல் 16 கார்களோடு தொடங்கியது. வேகமாக உருள வேண்டும், தடத்தில் பாய வேண்டும் என்பதுதான் அதன் பிறவிக் குணம். விலையும் குறைவு. ஆனால் பாதிக்குப் பாதி சாலையில் எங்குமே ஓடாத கற்பனை வண்டிகள். அதோடு 1995இலிருந்து ‘டிரெஷர் ஹண்ட்’ என்று அரிய கார்களைச் சாதாரணக் கார்களோடு கலந்து விடுகிறார்கள். கடை திறந்ததும் போய், கார் ஒட்டி வரும் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினால்தான் அது கிடைக்க வாய்ப்பு. வேலைக்குப் போகிற ஆளுக்கு அது சரிப்படாது. இன்னொன்று: காரின் அடியில் இருக்கும் ஆண்டு அந்த வார்ப்பு (காரின் அச்சு வடிவம்) பதிவான ஆண்டு, கார் தயாரான ஆண்டு அல்ல. அதைக் காட்டி ‘எண்பதுகளின் கார்’ என்று விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

மேட்ச்பாக்ஸ் லண்டனின் லெஸ்னி நிறுவனத்துக் குழந்தை, 1953இல் பிறந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததால், பங்குதாரர் ஜாக் ஓடல் தன் மகளுக்காகச் செய்து கொடுத்த சின்ன வண்டியிலிருந்து வந்த பெயர் அது. 1982இல் லெஸ்னி திவாலானது. பிறகு கைமாறிக் கைமாறி 1997இல் மேட்டலிடமே வந்து சேர்ந்தது. அதனால் இன்று கடையில் புதிய மேட்ச்பாக்ஸும் ஹாட் வீல்ஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். மேட்ச்பாக்ஸ் பக்கம் நிஜ வண்டிகள் அதிகம், அவ்வளவே. என்னைப் போன்றவர்கள் தேடுவது அடியில் லெஸ்னி என்றும் இங்கிலாந்து என்றும் பொறித்த பழையதைத்தான்.

எனக்கு அது சிவப்பு ஈரடுக்குப் பேருந்து, எண் 17, ‘லண்டனர்’. 1972இல் வந்தது. பக்கவாட்டில் பெர்ஜர் பெயிண்ட் விளம்பரம் ஒட்டியிருக்கும். சிங்கப்பூரில் 1977இலிருந்து ஈரடுக்குப் பேருந்து ஓடியதால், அது நம்மூர்ப் பேருந்து என்றே நினைத்து விளையாடினேன். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ‘பெர்’ மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்தப் பேருந்தை முதலில் இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. கையில் வந்த பிறகுதான் பார்த்தேன்: அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவிட்டை (உலோக ஆணியை)த் துளையிட்டுத் திறந்து, வண்ணம் பூசி, புதிதாக அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். பழையது வாங்கும்போது அடிப்பக்கப் படம் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். ரிவிட்டின் தலை உருண்டையாக, தொடாததாக இருக்க வேண்டும். பிரிட்டனிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வெள்ளி பஸ் வீடு வந்து சேரும்போது ஐந்து வெள்ளியாக இருக்காது.

டொமிக்கா 1970இல் ஜப்பானில் ஆறு கார்களோடு வந்தது, ஆறும் ஜப்பானியக் கார்கள். விலை ஏறக்குறைய இரண்டு ஹாட் வீல்ஸுக்குச் சமம். ஆனால் கூரையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கார் இறங்கி எழும். சின்னதாக ஒரு துள்ளல். பலவற்றில் கதவும் திறக்கும். நம் சாலையில் பார்த்து வளர்ந்த வண்டிகள் இதில்தான் நிறைய. டொயோட்டா கிரவுன் டாக்சியை வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “பின்னால பூட் இன்னும் நீளமா இருக்கணும்ல?” என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. டொமிக்காவின் வழக்கமான வண்டிகள் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதனால் பஸ்ஸும் காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். சரியான 1:64 அளவு (நிஜ வண்டியில் 64இல் ஒரு பங்கு) வேண்டுமென்றால் மினி ஜிடி என்ற பிராண்டு இருக்கிறது. அழகுதான், ஆனால் பக்கக் கண்ணாடி ஒடிந்துவிடுமோ என்று பயந்து பயந்து எடுக்க வேண்டும். எனக்கு வேண்டாம்.

நம்மூர் ஈரப்பதத்தில் அட்டைப் பெட்டிகள்தான் முதலில் கெடும், பழுப்புப் புள்ளி விழும். அட்டையோடு வைத்தால்தான் மதிப்பு என்கிற ஹாட் வீல்ஸ்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. பழைய மேட்ச்பாக்ஸைப் பெரும்பாலும் பெட்டி இல்லாமலேதான் வாங்குகிறோம், ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும். மேற்கு வெயில் விழும் சன்னலோரம் மட்டும் வேண்டாம், சிவப்பு வெளுத்துவிடும்.

என் தட்டில் இப்போது டொமிக்கா ஒன்பது, லெஸ்னி நான்கு. புதிதாக வாங்குவதென்றால் டொமிக்கா மட்டும் என்று வைத்துக்கொண்டேன். லெஸ்னியில் சின்ன வயதில் என் கையில் இருந்தவை மட்டும், பெயிண்ட் உதிர்ந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ஹாட் வீல்ஸ் வாங்கியதையெல்லாம் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் வீட்டு வராந்தாவில் அவை நன்றாக ஓடுகின்றன. ரிவிட் தொடாத, ஸ்டிக்கர் பாதி கிழிந்த லண்டனர் யாரிடமாவது இருந்தால், முழு ஸ்டிக்கர் விலையையே தருகிறேன்.