மெசலசினா, நிஸ்லே பாக்டீரியாவா?

பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கோலைடிஸ் நோய் அடங்கிய பிறகு அது மறுபடி கிளம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. அதற்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுப்பது மெசலசின் என்ற அழற்சி குறைக்கும் மருந்து. மாத்திரையாகவும் எனிமாவாகவும் கிடைக்கிறது. அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும்.

மறுபக்கம் 'ஈ. கோலை நிஸ்லே 1917'. முதல் உலகப் போரில், சுற்றியிருந்தவர்கள் வயிற்றுக்கடுப்பில் விழுந்தபோதும் நலமாக இருந்த ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்த பாக்டீரியா. வளர்த்தெடுத்து, உயிரோடு கேப்சூலில் அடைக்கிறார்கள். 2004இல் வெளியான ஓராண்டு ஆய்வில் 327 பேர் சேர்ந்தார்கள். விதிமுறைப்படி முடித்தவர்களில் நோய் திரும்பியது மெசலசின் குழுவில் 33.9%, நிஸ்லே குழுவில் 36.4%. ஏறக்குறைய சமம்! மெசலசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உண்மையான மாற்று.

இந்த நம்பிக்கையை இன்னொரு குடல் அழற்சி நோயான குரோன் நோய்க்கு நீட்ட முடியாது. அங்கே ப்ரோபயாடிக்குகளுக்கு, அதாவது இப்படி நன்மைக்காக உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிரிகளுக்கு, சான்று மிகக் குறைவு. வீட்டுத் தயிரும் இதற்கு ஈடாகாது, அதிலிருப்பது வேறு பாக்டீரியா. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உயிருள்ள பாக்டீரியாவைத் தொடவே கூடாது. மெசலசின் உடம்புக்கு ஒத்துப்போகிறதென்றால், அதிலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன்.